மார்ச்சுவரிக்கு உள்ளேயும் வெளியேயும்



எம்.பி.பி.எஸ். படிக்கும் பிள்ளைகள் வீட்டுக்கு வந்தால் நிறையப் பேசுவார்கள். முதல் ஊசி போட்டது, முதல் பிரசவம் பார்த்தது, வார்டில் பேராசிரியரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது எல்லாம் சாப்பாட்டு நேரத்துக் கதைகளாகிவிடும். முதல் போஸ்ட்மார்ட்டம் பார்த்த நாள் மட்டும் அந்தக் கதைகளில் அநேகமாக வருவதில்லை. அன்று இரவு கறிக்குழம்பு வேண்டாம் என்பார்கள். ஏன் என்று அம்மா கேட்டால் வயிறு சரியில்லை என்பார்கள். பேச்சு அதோடு நின்றுவிடும்.

அந்தப் பேசப்படாத நாளைப் பற்றித்தான் இந்த மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன். இது மருத்துவக் கல்லூரிக்குள் முடிந்துபோகிற விஷயமாகத் தெரியலாம். ஆனால் அந்த நாளில் ஒரு மாணவர் எதைக் கற்றுக்கொள்கிறார், எதை உள்ளே போட்டுப் பூட்டிக்கொள்கிறார் என்பதைப் பொறுத்துத்தான், பத்து வருடம் கழித்து நம் வீட்டுச் சாவின்போது நம் எதிரில் நிற்கப்போகிற மருத்துவர் எப்படிப்பட்டவர் என்பது முடிவாகிறது.

மருத்துவ மாணவர் தன் படிப்பில் இறந்த உடலை இரண்டு இடங்களில் சந்திக்கிறார். முதலாண்டில் அனாட்டமி ஹாலில். அங்கே இருப்பது ஃபார்மலினில் பதப்பட்டு, நிறம் மாறி, பெயர் மறைந்த உடல். பெரும்பாலும் வயதானவர், தன் உடலைத் தானே எழுதிவைத்துவிட்டுப் போனவராகவும் இருக்கலாம். 2019-இல் நடைமுறைக்கு வந்த புதிய பாடத்திட்டத்தில், அந்த உடலை முதல் ஆசிரியராக மதிக்கக் கற்றுத்தரும் பாடப்பகுதியே இருக்கிறது. பல கல்லூரிகளில் மாணவர்கள் பூ வைத்து வணங்கி, உறுதிமொழி எடுத்துக்கொண்ட பிறகுதான் கத்தியைத் தொடுகிறார்கள். மனதுக்கு நிறைவான வழக்கம் அது.

இரண்டாவது சந்திப்பு, தடயவியல் மருத்துவப் பாடத்துக்காக மார்ச்சுவரியில். அங்கே மேசைமேல் இருப்பவர் நேற்று மாலை வரை நடமாடிக்கொண்டிருந்தவர். உடலைத் திறப்பதற்கு முன்னால் உடைகளையும் உடைமைகளையும் குறித்துக்கொள்ள வேண்டும். அதனால் கத்தி வருவதற்கு முன்பே சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த பேருந்துச் சீட்டு வெளியே வரும். பாதி தீர்ந்த மாத்திரை அட்டை வரும். பெண்ணாக இருந்தால் உள்ளங்கையில் மருதாணி இன்னும் சிவந்திருக்கும். காவலர் தாளைப் பார்த்து வயது பத்தொன்பது என்று வாசிப்பார். எட்டி நின்று பார்த்துக்கொண்டிருக்கும் மாணவிக்கு இருபது வயது. இந்த அறையில் பூ கிடையாது, உறுதிமொழி கிடையாது. அடுத்த பேட்ச் வெளியே காத்திருக்கும்.

முதல் உடலைவிட இந்த உடலுக்குத்தான் மாணவரைத் தயார்ப்படுத்த வேண்டிய தேவை அதிகம். ஆனால் தயாரிப்பு எல்லாம் முதலாண்டோடு முடிந்துவிடுகிறது. அதன் விளைவுகளை மாணவர்களோடு பேசும்போது கேட்க முடிகிறது. ஒருவர் மயங்கி விழுந்ததை நண்பர்கள் இன்னும் கேலி செய்கிறார்கள். இன்னொருவர் அடுத்தடுத்த நாட்களில் கடைசி வரிசையிலேயே நின்று, பக்கத்திலிருப்பவரின் நோட்டைப் பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டார். வேறொருவர் சத்தமாகச் சிரித்துப் பேசியே அந்த ஒரு மணி நேரத்தைக் கடந்தார். மூவரும் ஒரே தவிப்பைத்தான் மூன்று விதமாகச் சமாளித்திருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேச ஆளில்லை.

பாடம் என்னவோ முழுமையாகவே நடக்கிறது. விறைப்பு எப்போது தொடங்கும், ரத்தம் தாழ்ந்த பக்கம் தேங்கி உண்டாகும் நிறமாற்றம் எதைக் காட்டும், தூக்கில் தொங்கிய கழுத்துத் தழும்புக்கும் கழுத்தை நெரித்த தழும்புக்கும் என்ன வேறுபாடு, தண்ணீரில் மூழ்கியவரின் நுரையீரல் எப்படி இருக்கும் என்பதையெல்லாம் மாணவர்கள் நன்றாகவே சொல்கிறார்கள். வெவ்வேறு காரணங்களால் நேர்ந்த மரணங்களில் குறைந்தது 15 பிரேதப் பரிசோதனைகளையாவது மேற்பார்வையிலோ மாதிரிச் சூழலிலோ செய்து அறிக்கை எழுதப் பழக வேண்டும் என்று 2019 பாடத்திட்டம் கேட்டது. அறிவு ஊட்டப்படுகிறது. அந்த அறிவைத் தாங்கும் மனம்தான் அவரவர் பாட்டுக்கு விடப்பட்டிருக்கிறது.

இதற்கு ஒரு தெளிவான அடையாளம் உண்டு. பிரேதப் பரிசோதனை குறித்து மருத்துவ மாணவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்து நடத்திய ஆய்வுகள் இந்தியா உட்படப் பல நாடுகளில் வந்திருக்கின்றன. அவற்றில் திரும்பத் திரும்பத் தென்படும் போக்கு ஒன்று: போஸ்ட்மார்ட்டம் மருத்துவத்துக்கும் நீதிக்கும் அவசியமா என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் ஆமாம் என்கிறார்கள். உங்கள் வீட்டில் ஒருவர் இறந்தால் சம்மதிப்பீர்களா என்று கேட்டால் ஆமாம் என்பவர்களின் எண்ணிக்கை இறங்கிவிடுகிறது. தயக்கத்துக்கு அவர்கள் சொல்லும் காரணங்கள் உடல் சிதைந்துவிடும், வீட்டார் தாங்கமாட்டார்கள், சடங்குக்கு நேரமாகும், மதம் ஒப்பாது என்பவை. படிப்பறிவே இல்லாத ஒரு பாட்டியும் இதே காரணங்களைத்தான் சொல்வார்.

இதைப் படித்துவிட்டு அந்த மாணவர்களை இரட்டை நாக்குக்காரர்கள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அவர்கள் உண்மையைச் சொல்லியிருக்கிறார்கள். தன் அம்மாவின் உடல் அந்த மேசையில் கிடப்பதை நினைத்துப் பார்க்க முடியாத பிள்ளைக்குத்தான், இன்னொரு வீட்டு அம்மாவின் உடலை எப்படித் தொட வேண்டும் என்பது புரியும். அந்தத் தயக்கத்திலிருந்துதான் பாடம் தொடங்கியிருக்க வேண்டும். நம் கல்லூரிகளோ அந்தத் தயக்கம் இருப்பதாகவே காட்டிக்கொள்வதில்லை.

இறந்த உடலிலிருந்து மருத்துவம் என்ன பெற்றது என்பதை மாணவர்களுக்கு உயிரோட்டமாகச் சொல்வதும் அந்தப் பாடத்தில் சேர்த்திதான். நான் சொல்ல விரும்பும் கதையில் மாணவர்களே முக்கியப் பாத்திரங்கள்.

1847, வியன்னா பொது மருத்துவமனை. அங்கே இரண்டு பிரசவப் பிரிவுகள். ஒன்றில் மருத்துவர்களும் மாணவர்களும் பிரசவம் பார்த்தார்கள், மற்றொன்றில் மருத்துவச்சிகள். மாணவர்கள் இருந்த பிரிவில் பிள்ளை பெற்ற தாய்மார்கள் பிரசவக் காய்ச்சலில் கொத்துக்கொத்தாக இறந்தார்கள். மருத்துவச்சிகள் பிரிவிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள் என்று பெண்கள் கெஞ்சும் அளவுக்கு அது ஊரறிந்த செய்தியாக இருந்தது. இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற இளம் மருத்துவருக்குக் காரணம் பிடிபடவில்லை. அந்த ஆண்டு மார்ச்சில் அவருடைய நண்பர், தடயவியல் மருத்துவப் பேராசிரியர் யாக்கோப் கொல்லெட்ச்கா இறந்துபோனார். பிரேதப் பரிசோதனை ஒன்றின்போது மாணவர் ஒருவரின் கத்தி தவறிப்போய் கொல்லெட்ச்காவின் விரலில் குத்தியிருந்தது. அவருடைய உடலைப் பரிசோதித்து எழுதிய குறிப்பைப் படித்தார் செம்மல்வைஸ். பிரசவக் காய்ச்சலில் இறந்த தாய்மார்களின் உடலில் கண்ட அதே மாற்றங்கள் ஓர் ஆணின் உடலில் இருந்தன.

காரணம் அப்போதுதான் துலங்கியது. மாணவர்கள் காலையில் பிணவறையில் வேலை செய்துவிட்டு அதே கையோடு பிரசவ அறைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். மே மாதத்திலிருந்து, குளோரின் கலந்த நீரில் கை கழுவாமல் யாரும் தாய்மார்களைத் தொடக்கூடாது என்று செம்மல்வைஸ் கட்டாயமாக்கினார். ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த சாவு ஜூனில் இரண்டு அளவுக்கு இறங்கியது. அந்த மரணங்களுக்கு வழி பிணவறையிலிருந்து வந்தது. அவற்றை நிறுத்தும் வழியைக் காட்டியதும் ஒரு பிரேதப் பரிசோதனைதான். இன்று எந்த மருத்துவமனையிலும் கை கழுவும் தொட்டிக்கு மேலே ஒட்டியிருக்கும் அறிவிப்பைப் பார்க்கும்போது மாணவர்களுக்கு இந்தக் கதை நினைவுக்கு வர வேண்டும்.

நம் ஊருக்கும் இதில் ஒரு பழைய பங்கு உண்டு. இந்தியாவில் பதிவாகியிருக்கும் முதல் சட்டமுறைப் பிரேதப் பரிசோதனை நடந்தது சென்னையில். 1693 ஆகஸ்டில் ஜார்ஜ் கோட்டை ஆட்சிக்குழு உறுப்பினர் வீலர் என்பவர் திடீரென்று இறந்தார். கோட்டை மருத்துவர் எட்வர்டு பல்க்லி அவருடைய உடலைத் திறந்து பார்த்தார். பாஷாணம் இடித்த கல்வத்தைச் சரியாகத் துடைக்காமல் அதிலேயே அவருக்கு மருந்து இடித்துக் கொடுத்துவிட்டார்கள் என்பதுதான் எழுந்த சந்தேகம். முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பும் கேள்வி இதுதான்: இந்த மனிதர் எப்படி இறந்தார்? அதைத் தெரிந்துகொள்ளாமல் புதைத்துவிடக் கூடாது என்று யாரோ உறுதியாக நின்றிருக்கிறார்கள். விஷத்தைக் கண்டறியும் அரசு ரசாயனப் பரிசோதனைக் கூடம் நாட்டிலேயே முதலாவதாக 1849-இல் தொடங்கியதும் இதே சென்னையில்தான்.

ஸ்கேன், எம்.ஆர்.ஐ. எல்லாம் வந்துவிட்ட காலத்தில் உடலைத் திறந்து பார்க்க வேண்டுமா என்று மாணவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவமனை ஒன்றில் 1960, 1970, 1980 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் நடந்த பிரேதப் பரிசோதனைகளில் ஆண்டுக்கு நூறு வீதம் எடுத்து ஒப்பிட்டார்கள். 1983-இல் வெளியான அந்த ஆய்வு, மூன்று காலத்திலும் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு, உயிரோடிருக்கும்போதே தெரிந்திருந்தால் சிகிச்சையை மாற்றி ஆயுளை நீட்டித்திருக்கக்கூடிய ஒரு பெரிய நோய் கண்டறியப்படாமல் போயிருந்தது என்று காட்டியது. அந்த இருபது ஆண்டுகளில் அல்ட்ராசவுண்டும் சி.டி. ஸ்கேனும் வந்துவிட்டிருந்தன. தவறிப்போன அளவு மட்டும் அப்படியே இருந்தது.

இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். மாணவர்களே பலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். போஸ்ட்மார்ட்டம் இரண்டு வகை. ஒன்று சட்டத்துக்காக. விபத்து, தற்கொலை, கொலை, சந்தேக மரணம் என்றால் காவல்துறை விசாரித்து உடலை மருத்துவரிடம் அனுப்பும். இதற்கு அடிப்படை, முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194-ஆம் பிரிவு. திருமணமாகி ஏழு ஆண்டுகளுக்குள் பெண் தற்கொலை செய்துகொண்டாலோ சந்தேகத்துக்கு இடமான வகையில் இறந்தாலோ போஸ்ட்மார்ட்டம் தவிர்க்க முடியாதது. காவலில் இறந்தவர் என்றால் மாஜிஸ்திரேட்டே விசாரிக்க வேண்டும்; பரிசோதனையை வீடியோவில் பதிவு செய்ய வேண்டும் என்று தேசிய மனித உரிமை ஆணையம் 1995-லேயே மாநிலங்களுக்கு எழுதியது. இந்த வகைக்கு வீட்டாரின் சம்மதம் தேவையில்லை.

மற்றொன்று மருத்துவத்துக்காக. ஆஸ்பத்திரியில் நோயில் இறந்த ஒருவருக்கு உண்மையில் என்ன நடந்தது, மருந்து ஏன் வேலை செய்யவில்லை, நாம் நினைத்த நோய்தானா என்று தெரிந்துகொள்வதற்காகச் செய்வது. இதற்கு நெருங்கிய உறவினரின் சம்மதம் கட்டாயம். பாஸ்டனில் ஒப்பிட்டது இந்த வகையைத்தான். இது உலகெங்கும் தேய்ந்துகொண்டு வருகிறது. அமெரிக்காவில் கடந்த நூற்றாண்டின் நடுவில் மருத்துவமனை மரணங்களில் ஏறத்தாழப் பாதிக்குச் செய்தார்கள். இன்று பத்தில் ஒன்றுகூட இல்லை. நம் நாட்டில் சண்டிகர் பி.ஜி.ஐ. போன்ற சில மருத்துவ நிறுவனங்களில் அந்த மரபு உயிரோடு இருக்கிறது. அங்கே இறந்த நோயாளியின் கதையை மருத்துவர்கள் சபையில் வைத்து விவாதித்த பிறகு, நோயியல் துறையினர் எழுந்து உடல் சொன்ன விடையைச் சொல்வார்கள். மூத்த பேராசிரியர் ஒருவர் எல்லார் முன்னாலும் தன் கணிப்பு தவறிப்போனதை ஒப்புக்கொள்வதை ஒரு மாணவர் பார்ப்பது பெரிய கல்வி. நம் மாநிலத்தில் எம்.பி.பி.எஸ். படிப்பவர்களில் பெரும்பாலானவர்கள் அப்படி ஒரு கூட்டத்தைக் காணாமலே பட்டம் வாங்கிவிடுகிறார்கள்.

ஏன் தேய்கிறது? மக்கள் சம்மதிப்பதில்லை என்று சொல்லிவிடுவது எளிது. மக்களிடம் கேட்பதே இல்லை என்பதுதான் நடைமுறை. கேட்பதற்கு வார்த்தை வேண்டும். அழுதுகொண்டிருக்கும் மகனிடம் போய், அப்பாவுக்கு என்ன ஆனது என்று எங்களுக்கே முழுதாகத் தெரியவில்லை, நீங்கள் அனுமதித்தால் பார்த்துச் சொல்கிறோம் என்று சொல்வதற்குப் பணிவும் துணிவும் வேண்டும். இரண்டையும் யாரும் பழக்கித் தரவில்லை. ஆகவே மருத்துவர் சுலபமான வழியைப் பிடித்துக்கொள்கிறார். இறப்புக் காரணச் சான்றிதழில் இதயமும் மூச்சும் நின்றுவிட்டன என்று எழுதிவிடுகிறார். இறந்தவர் எல்லாருக்கும் அவை நின்றிருக்கும். எந்த நோய் அங்கே கொண்டுவந்து நிறுத்தியது என்பதைத்தான் எழுத வேண்டும் என்று அந்தப் படிவமே சொல்கிறது. இந்தியாவில் 2020-இல் பதிவான இறப்புகளில் மருத்துவர் காரணம் எழுதிச் சான்றளித்தவை 22.5 சதவீதம்தான். அந்தக் கொஞ்சத்திலும் காரணம் சரியாக எழுதப்படவில்லையென்றால், நம் மக்கள் எதனால் சாகிறார்கள் என்று தெரியாமலேயே நாம் ஆஸ்பத்திரிகளைக் கட்டிக்கொண்டிருக்கிறோம் என்று ஆகிவிடும்.

இனி மார்ச்சுவரிக்கு வெளியே வருவோம். எந்த அரசு ஆஸ்பத்திரியிலும் மார்ச்சுவரிக்கு எதிரே ஒரு மரம் இருக்கும். அதன் அடியில் உறவுக்காரர்கள் காலையிலிருந்து உட்கார்ந்திருப்பார்கள். வெள்ளைக் கோட்டு போட்ட யாரைப் பார்த்தாலும் எழுந்து வருவார்கள். அவர்கள் கேட்கும் கேள்விகள் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

“தம்பி, முகத்தைக் கிழிச்சிருவாங்களாப்பா?”

சாதாரணமாக முகத்தில் கத்தி படாது. உடலின் முன்பக்கம் கழுத்திலிருந்து அடிவயிறு வரை திறப்பார்கள். முடிந்ததும் தைத்துக் கழுவித் துடைத்துக் கொடுப்பார்கள். தையலை உடை மறைத்துவிடும். தலையைத் திறக்க ஒரு காதின் பின்புறத்திலிருந்து உச்சி வழியாக மறு காது வரை தோலை அறுப்பார்கள். தையலை முடி மூடிக்கொள்ளும்.

“உள்ள இருக்கறதையெல்லாம் எடுத்துட்டுத்தான் குடுப்பாங்கன்னு சொல்றாங்களே?”

உறுப்புகளை எடுத்துப் பார்த்து, எடை போட்டுக் குறித்துக்கொண்டு திரும்ப வைப்பார்கள். மூளை ஒன்றே கால் கிலோவுக்கு மேல், கல்லீரல் ஒன்றரை கிலோ அளவு, இதயம் முந்நூறு கிராம் அளவு என்று ஒவ்வொன்றுக்கும் கணக்கு உண்டு. கூடினாலும் குறைந்தாலும் அது ஒரு தகவல். விஷச் சந்தேகம் இருந்தால் இரைப்பையும் அதிலிருப்பதும், சிறுகுடலில் ஒரு பகுதி, கல்லீரல், சிறுநீரகத்தில் கொஞ்சம், ரத்தம் ஆகியவற்றைப் பாட்டில்களில் எடுப்பார்கள். உறுப்புத் துண்டுகள் கெடாமலிருக்கப் பெரும்பாலும் ஊற்றுவது நம் வீட்டுச் சமையல் உப்பை முட்டக் கரைத்த தண்ணீர்தான். பிறகு அரக்கு முத்திரை வைத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள். சில நேரம் இதயமோ மூளையோ முழுதாகவே நோயியல் ஆய்வுக்குப் போகும். அப்படியென்றால் அதை வீட்டாரிடம் சொல்ல வேண்டும். சிறுநீரகத்தைத் திருடி விற்றுவிடுவார்கள் என்ற பயத்துக்கு மருத்துவ அடிப்படை இல்லை. இறந்து பல மணி நேரம் ஆன உடலின் சிறுநீரகம் இன்னொருவருக்குப் பொருத்த உதவாது.

“எப்பங்க குடுப்பீங்க? வெயில் ஏறுதே.”

பரிசோதனைக்கு ஆகும் நேரம் பெரும்பாலும் ஓரிரு மணிதான். காவல்துறையின் விசாரணை அறிக்கையும் வேண்டுகோள் கடிதமும் கைக்கு வராமல் மருத்துவர் தொடங்க முடியாது. காத்திருப்பு நீள்வது பெரும்பாலும் அங்கேதான். பொழுது சாய்ந்தால் செய்யக்கூடாது என்றிருந்த வழக்கத்தையும் மத்திய அரசு 2021 நவம்பரில் தளர்த்தியது. போதிய வெளிச்சமும் வசதியும் உள்ள ஆஸ்பத்திரிகளில் இரவிலும் செய்யலாம். கொலை, தற்கொலை, பாலியல் வன்முறை, அழுகிய உடல், சந்தேக மரணம் போன்றவற்றுக்குப் பொதுவாக இந்தத் தளர்வு இல்லை. சீக்கிரம் அடக்கம் செய்ய வேண்டும் என்பதை மார்க்கக் கடமையாகக் கொண்ட குடும்பங்களுக்கு இது பெரிய ஆறுதல். டெல்லி எய்ம்ஸில் 2021 முதல், உடலைத் திறக்காமல் ஸ்கேன் மூலம் ஆராயும் முறையும் நடைமுறையில் இருக்கிறது. அது எல்லா மரணத்துக்கும் பொருந்தாது. பொருந்தும் இடங்களில் எத்தனையோ வீடுகளின் வேதனை குறையும்.

பாருங்கள், இந்தப் பதில்கள் எதுவும் ரகசியம் இல்லை. மூன்றாம் ஆண்டு மாணவருக்கே தெரிந்தவை. ஆனால் மரத்தடியில் இருப்பவர்களுக்கு இவற்றைச் சொல்ல யாரும் வருவதில்லை. உள்ளே இருக்கும் அறிவுக்கும் வெளியே இருக்கும் பயத்துக்கும் நடுவில் பத்தடி தூரம்தான். அந்தப் பத்தடியை நடந்து கடக்கும் மருத்துவர்களை உருவாக்குவதுதான் நான் கேட்கும் கல்வி.

அந்த அறையில் இன்னொருவர் இருக்கிறார். மார்ச்சுவரி உதவியாளர். உடலைத் தூக்கி வைப்பவர், கழுவுபவர், தைப்பவர், வெளியே கொண்டுவந்து உறவினர் கையில் ஒப்படைப்பவர். உடலைத் திறந்து பார்க்க வேண்டியது மருத்துவரின் கடமை. ஆனால் மருத்துவர் நோட்டோடு தள்ளி நிற்க, கத்தி உதவியாளர் கையில் இருப்பதைப் பல இடங்களில் மாணவர்கள் பார்க்கிறார்கள். அதிலிருந்து அவர்கள் எடுத்துக்கொள்ளும் பாடம் என்ன? இந்த வேலை கீழானது, சிலருக்கென்று விதிக்கப்பட்டது, படித்தவர்கள் தொட வேண்டியதில்லை என்பதுதான். நம் சமூகத்தில் சாவு சம்பந்தப்பட்ட வேலைகள் எந்தச் சாதிகளின் தலையில் சுமத்தப்பட்டன என்பது நமக்குத் தெரியும். அந்தப் பழைய அநீதியை ஒரு மருத்துவக் கல்லூரியே வெள்ளைக் கோட்டு போட்டுத் தொடரக் கூடாது. பேராசிரியர் கையுறை மாட்டிக்கொண்டு தானே கத்தியை எடுக்கும் நாளில், பக்கத்தில் நிற்கும் உதவியாளரைப் பெயர் சொல்லி மரியாதையோடு அழைக்கும் நாளில், நூறு சொற்பொழிவுகளால் வராத மாற்றம் மாணவர்களுக்கு வரும்.

நம் மருத்துவக் கல்லூரிகளிடம் இந்த இதழின் வழியாகச் சில வேண்டுகோள்களை வைக்கிறேன். எதற்கும் பெரிய பணம் தேவையில்லை.

முதல் போஸ்ட்மார்ட்டத்துக்கு முந்தின நாள் ஆசிரியர் ஒரு மணி நேரம் ஒதுக்கி, அங்கே என்ன பார்ப்பார்கள், என்ன வாடை வரும், மயக்கம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லட்டும். வெளியே போய் உட்கார்ந்துகொள்வதில் வெட்கம் இல்லை என்பதையும் சொல்லட்டும். பார்த்து முடித்த அன்றே மாணவர்களை உட்காரவைத்துப் பேசவிடட்டும். முதலாண்டில் எடுத்த உறுதிமொழியை மார்ச்சுவரி வாசலில் இன்னொரு முறை எடுக்கவைக்கட்டும். இறந்தவரின் பெயரை அந்த அறையில் மரியாதையோடு சொல்லட்டும். செல்போன் வெளியிலேயே இருக்கட்டும்.

ஒவ்வொரு மாணவரும் ஒரு மரணத்தையாவது முதலிலிருந்து கடைசிவரை பின்தொடரட்டும். காவலர் விசாரணைத் தாளோடு வருவதிலிருந்து, உடல் அமரர் ஊர்தியில் ஏறுவதுவரை. அந்த நாளில் பாதியை அவர் மரத்தடியில் செலவிடட்டும். வீட்டாரிடம் மருத்துவப் பரிசோதனைக்குச் சம்மதம் கேட்பதைத் தேர்வுக்குப் பழகுவதுபோலப் பழகட்டும். இல்லை என்று அவர்கள் சொன்னால் முகம் கோணாமல் நன்றி சொல்லி விலகவும் பழகட்டும்.

கூடவே, மாணவர்களின் பாதுகாப்பையும் பார்க்க வேண்டும். காசநோய், மஞ்சள் காமாலைக் கிருமிகள் இறந்த உடலிலிருந்தும் பரவக்கூடியவை. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போடாமலும், சரியான கையுறை, முகக்கவசம், ஏப்ரன் இல்லாமலும் யாரையும் அந்த அறைக்குள் விடக் கூடாது. மாணவருக்கு உள்ள அதே பாதுகாப்பு உதவியாளருக்கும் இருக்க வேண்டும். காற்றோட்டமும் தண்ணீரும் வடிகாலும் இல்லாத மார்ச்சுவரியில் மரியாதையைப் பற்றிப் பாடம் எடுக்க முடியாது.

மாணவ நண்பர்களே, உங்களுக்கு ஒரு வார்த்தை. அந்த அறையில் உங்களுக்குக் கை நடுங்கினால் நீங்கள் இந்தத் தொழிலுக்குத் தகுதியற்றவர் என்று பொருள் இல்லை. எதிரில் இருப்பது ஒரு மனிதர் என்பதை நீங்கள் மறக்கவில்லை என்று பொருள். அந்த உணர்வை மரத்துப்போக விடாதீர்கள். அதோடு, கவனத்தையும் நழுவவிடாதீர்கள். கழுத்தில் நீங்கள் குறித்துவைக்கும் ஒரு சிறு கீறல், இறந்துபோன ஒரு பெண்ணுக்காக நீதிமன்றத்தில் எழும் ஒரே குரலாக இருக்கலாம். குற்றமற்ற ஒருவர் வீடு திரும்புவதற்கும் அதுவே காரணமாகலாம்.

பெற்றோர்களுக்கு: உங்கள் பிள்ளை சாப்பாட்டைத் தள்ளிவைக்கும் இரவில், இன்று மார்ச்சுவரிக்குப் போனாயா என்று கேளுங்கள். அருவருப்புப் படாமல் காது கொடுங்கள். அந்தப் பிள்ளைக்கு அதுவே பெரிய துணை.

வாசகர்களுக்கு: சட்டமுறைப் போஸ்ட்மார்ட்டத்துக்கு அரசு ஆஸ்பத்திரியில் கட்டணம் எதுவும் கிடையாது. யாராவது காசு கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை; மருத்துவமனை அதிகாரியிடம் புகார் சொல்லுங்கள். அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். ரசாயன ஆய்வு முடிவு வரும்வரை இறுதிக் கருத்தை மருத்துவர் நிறுத்திவைத்திருக்கலாம். அதற்கு வாரங்கள் ஆகும், சில நேரம் மாதங்களும் ஆகும். விடாமல் கேளுங்கள். ஆஸ்பத்திரியில் உங்கள் உறவினர் நோயில் இறந்து, உடலைப் பரிசோதிக்க அனுமதி வேண்டும் என்று ஒரு மருத்துவர் தயங்கித் தயங்கிக் கேட்டால், மறுப்பதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் அவர் சொல்லி முடிக்கும்வரை கேளுங்கள். உங்கள் குடும்பத்தில் ஓடும் ஒரு நோயை அது காட்டிக்கொடுக்கலாம். உங்கள் தம்பிக்கோ மகளுக்கோ முன்கூட்டியே சிகிச்சை தொடங்க வழிவிடலாம். எங்களுக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ள விரும்புகிறோம் என்று சொல்லும் மருத்துவர் அபூர்வம். அவரை நாம் ஆதரிக்க வேண்டும்.

இந்தப் பக்கத்தைப் படிக்கும் மருத்துவ மாணவர்கள், பேராசிரியர்கள், மார்ச்சுவரியில் பணிபுரியும் நண்பர்கள், அந்த மரத்தடியில் காத்திருந்த குடும்பங்கள் எல்லாரும் தங்கள் அனுபவத்தை எழுதியனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன். பெயர் வேண்டாம் என்றால் பெயரில்லாமல் வெளியிடுகிறோம். அடுத்த இதழில் இதற்கென்று பக்கங்களை ஒதுக்கியிருக்கிறோம். கல்லூரிகள் மாற வேண்டும் என்று சொல்லும் உரிமை எனக்கு ஒருவனுக்கு இருப்பதைவிட, உள்ளே நின்றவர்களுக்கும் வெளியே காத்திருந்தவர்களுக்கும் அதிகம். உங்கள் கடிதங்களைத் தொகுத்து மருத்துவக் கல்வி அதிகாரிகளிடம் நேரில் கொண்டுபோய்க் கொடுப்பது எங்கள் பொறுப்பு.

அன்புடன்,
ஆசிரியர்